மேஜையில் இருந்த மூன்றாவது ஆள்

டெக்வின் பாரி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, போகப் போக அப்படிச் சொல்ல வாய் வராமல் போகலாம்.

வெல்ஷ் பேசும் கயர்நார்வன் ஊரில், சதுக்கத்துக்குப் பின்னால், மீன் வறுத்து விற்கும் கடையின் மாடியில் அவனுடைய கம்பெனி. இரண்டு அறை, ஒரு எடிட்டிங் மேஜை, எந்நேரமும் எண்ணெய் வாடை. அங்கிருந்து வருடா வருடம் 'வேலிக்கு அப்பால்' என்ற நிகழ்ச்சியை எடுத்து டெலின் என்ற டிவி சேனலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். மலைப் பண்ணைக்காரர்களைப் பற்றிய நிகழ்ச்சி. கிடா ஏலம், கம்பளி கத்தரிப்பு, பனியில் புதைந்த ஆட்டை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டுவது, மழையில் ஒரு கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க ஏற்றது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் நிகழ்ச்சி முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஆனால் நிறுத்திவிடுவோம் என்று சேனல் சொன்னால் எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவார்கள்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் பாதி ஆள்தான். டெக்வினுக்கு 'டெக் செம்மறி' என்று பெயர். நேரிலேயே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான்.

ரிடியனுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. ரிடியன் என்றால் ரிடியன்தான். டெக்வினுக்கு முதலில் அதுவே பிடிக்கவில்லை.

இருவரும் ஒரே வாரத்தில் தொழிலுக்கு வந்தவர்கள். இப்போது இல்லாத ஒரு கம்பெனியில் கேபிள் சுமந்தார்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் பட்டாணிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். பிறகு டெக்வின் ஆட்டுக்குப் போனான், ரிடியன் டிவி நாடகத்துக்குப் போனான். ஆடு ஆடாகவே இருந்தது. நாடகம் நார்வே வரைக்கும் போயிற்று. துறைமுக ஓரத்தில் ரிடியன் கண்ணாடி வைத்து ஒரு கட்டடம் கட்டினான். டெக்வின் ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே அந்தக் கண்ணாடியின் ஒரு மூலை தெரியும். சாயங்கால வெயில் அதில் பட்டு நேராக எடிட்டிங் மேஜைக்கு வரும். டெக்வின் ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டினான். கேட்டவர்களிடம், கண் கூசுகிறது என்றான். கூசியது கண் மட்டும் இல்லை.

ரிடியன் மோசமானவனாக இருந்திருந்தால் வசதியாக வெறுத்திருக்கலாம். பாவி, நல்லவனாக இருந்து தொலைத்தான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வாசலில் நிற்பான். விருது வாங்கும் மேடையில் 'நான் தொழில் பழகினது டெக்கோட சேர்ந்துதான்' என்பான். கூட்டம் திரும்பி டெக்வினைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவதற்குள் டெக்வினுக்கு நெஞ்சு கரிக்கும்.

இவ்வளவையும்கூடப் பொறுத்திருப்பான். பொறுக்க முடியாமல் போனது மகள் விஷயத்தில்.

நனு அவன் ஜீப்பிலேயே வளர்ந்தவள். பள்ளிக்கூட வயதிலேயே குட்டி போடும் ஆட்டின் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். படித்து முடித்து ஊருக்குத் திரும்பியதும் அப்பாவோடு வேலை பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாளில் கம்பெனியை 'பாரியும் மகளும்' என்று மாற்ற வேண்டும் என்று டெக்வின் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தான். அதற்குள் ஒரு நாள் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அப்பா, ரிடியன் கூப்பிட்டிருக்காரு. உதவி டைரக்டரா."

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டு வந்து என்கிட்ட கேக்கறியா?"

"கேக்கலப்பா. சொல்றேன்."

அவன் எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரி செய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அன்று முதல் டெக்வினுக்கு ஒரே ஒரு ஆசை. மகள் திரும்பி வர வேண்டும். அவளாக வர வேண்டும், அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

அவள் போன நாலாவது வருடம், செப்டம்பரில், பாலா என்ற ஊரின் ஏரிக்கரைக்குப் பக்கத்துப் பண்ணையில் மேய்ச்சல் நாய்ப் போட்டி நடந்தது. டெக்வின் அதைப் படம் பிடித்தான். சேனலின் தலைமை நிர்வாகி மொர்வெனா பார்க்க வந்திருந்தாள். மக்களோடு மக்களாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. புதுக் கருக்கு அழியாத ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அவளைக் காரில் கூட்டி வந்தவன் ரிடியன்.

சாயங்காலம் ஏரிக்கரை ஓட்டலில் விருந்து. மேஜையில் மொர்வெனா, ரிடியன், டெக்வின், விளம்பரப் பிரிவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் மறுநாள் நிகழ்ச்சியை ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டாள். மொர்வெனா பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைக்கும் அளவுக்குச் சத்தம். அந்தப் பெண் சாப்பிடாமல் எழுந்து போனாள், திரும்பி வரவில்லை.

அதன் பிறகு மேஜையில் மூன்று பேர்தான்.

மொர்வெனா மதுவை ஒரு வாய் குடித்து, ஒன்றுமே நடக்காதது போல் ரிடியன் பக்கம் திரும்பினாள். "அடுத்த சீசன் உன்னோடதுதான். கமிட்டி கிமிட்டி எல்லாம் நான் பாத்துக்கறேன். நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் நீ எதுக்கும் கவலப்படாத." பிறகுதான் இன்னொருவன் இருப்பது ஞாபகம் வந்தது. "உங்களுக்கும்தான், டெக்வின். எப்பவும் போல நடக்கட்டும். ஆடு நல்லா இருக்கு."

அவனுக்கு நீ, இவனுக்கு நீங்க. அவனுக்கு நாற்காலியே சாட்சி, இவனுக்கு ஆடு நல்லா இருக்கு. டெக்வின் நன்றி சொன்னான். மட்டனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

எங்கள் தொழிலில் அப்போது எல்லாமே அப்படித்தான். ஒரு மேஜையில், ஒரு கூடாரத்தில், கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றபடி வாக்குக் கொடுப்பார்கள். ஒப்பந்தம் பல மாதம் கழித்துச் சாவகாசமாக வரும். அதற்குள் பாதிப் படப்பிடிப்பே முடிந்திருக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எல்லோருடைய அம்மாவையும் தெரியும். கையெழுத்துக் கேட்பவன், வீட்டுக்கு விருந்துக்குப் போய் உப்பைச் சோதித்துப் பார்ப்பவன் மாதிரி.

"இன்னொரு விஷயம்," என்றான் ரிடியன் சந்தோஷமாக. "நனு ரெண்டு எபிசோட் டைரக்ட் பண்ணப்போறா. வசந்தத்துல ஆரம்பம். உன்கிட்ட சொல்லியிருப்பாளே."

சொல்லவில்லை.

"இவரோட பொண்ணா அது?" என்றாள் மொர்வெனா. "அந்தக் கெட்டிக்காரப் பொண்ணா?" அவள் குரலில் இருந்த ஆச்சரியத்தைப் பொய் என்று சொல்ல முடியாது.

டெக்வின் அன்று பாலாவிலிருந்து மலைப்பாதையில் கார் ஓட்டி வந்தபோது, தன் மகளின் முதல் டைரக்ஷனுக்காகச் சந்தோஷப்பட முயன்றான். கொஞ்ச தூரம் முடிந்தது. பிறகு முடியவில்லை. அந்த வாய்ப்பு தன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைக்க வேண்டியது, அந்தச் செய்தி அவள் வாயிலிருந்து தனக்குக் கிடைக்க வேண்டியது. இரண்டையும் ரிடியன் எடுத்துக்கொண்டான்.

குளிர்காலம் வந்ததும் மேலே அடிதடி ஆரம்பித்தது. மொர்வெனாவுக்கும் சேனலின் வாரியத் தலைவருக்கும் ஆகவில்லை. யார் முதலில் ஆரம்பித்தார் என்று கேட்டால் கேட்ட ஆளைப் பொறுத்துப் பதில் வரும். அவள் ஊழியர்களை மிரட்டுகிறாள் என்றார்கள் ஒரு பக்கம். அவளைத் துரத்திவிட்டு அவரே நிர்வாகம் பண்ணப் பார்க்கிறார் என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டு அதிகாரிகள் ராஜினாமா செய்தார்கள், அதில் ஒருவர் ராஜினாமாவை வாபஸ் வாங்கினார். தினமும் ரேடியோவில் அதே பேச்சு. நாட்டில் வேறு செய்தியே இல்லாதது போல, வெல்ஷ் பேசுகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

யானைகள் மோதிக்கொண்டால் புல்லுக்குத்தான் சேதம். தயாரிப்பாளர்கள் போன் செய்தால் சேனலில் எடுப்பதில்லை. எடுத்தாலும், 'ஒரு வாரம் பொறுங்க' என்பார்கள். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாததால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தை மொர்வெனாவுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என்று ஒரே அளவு அட்டையில் எல்லோரும் அனுப்பினார்கள்.

சதுக்கத்து காபிக் கடையில் எல்வின்தான் தகவல் கொண்டு வந்தான். எல்வின் ஒலிப்பதிவுக்காரன். காலையில் டெக்வினுக்கு ஆடு கத்துவதைப் பதிவு செய்வான், மத்தியானம் ரிடியனுக்கு நடிகை அழுவதைப் பதிவு செய்வான். இரண்டும் ஒரே சுருதி என்பான்.

"வாரியம் வக்கீல் வெச்சிருக்கு, தெரியுமா? பாங்கர் ஊர்ல ஒரு ஓட்டல்ல ரூம் போட்டு உக்காந்திருக்காங்க. யாருக்கு என்ன குறை இருக்கோ போய்ச் சொல்லலாமாம். பேரு வெளிய வராதாம்."

"ரகசியமா?"

"நம்ம ஊருல ரகசியம்னா என்ன டெக்? ஒவ்வொருத்தர்கிட்டயா தனித்தனியா சொல்றது." எல்வின் கேக்கை வாயில் போட்டுக்கொண்டான். "நீ போகப் போறியா என்ன?"

"எனக்கு என்ன குறை?"

"அதானே. ஆடு நல்லா இருக்கு." பாலா விருந்துக் கதையை டெக்வின்தான் அவனிடம் சொல்லியிருந்தான், சிரிப்புக்காக. இப்போது எல்வின் சிரித்தான். டெக்வினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் நனு சாப்பிட வந்திருந்தாள். முதல் எபிசோடில் ஒரு அப்பாவும் மகளும் படகில் பேசுகிற காட்சி இருக்கிறதாம். அதை எப்படி எடுப்பது என்று ரிடியன் சொன்னதை ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ரிடியன் இப்படிச் சொன்னாரு, ரிடியன் அப்படிச் சொன்னாரு. டெலித், அவன் மனைவி, உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தட்டில் இருந்த ஒவ்வொரு துண்டிலும் ரிடியன் முகம் தெரிந்தது.

"படகுல கேமராவ உக்கார வைக்காத," என்றான் டெக்வின். "கரையில இருந்து எடு."

"ரிடியனும் அதையேதான் சொன்னாரு."

மறுநாள் அவன் பாங்கருக்குப் போனான்.

வக்கீல் தலைநகர் கார்டிஃபிலிருந்து வந்த இளம் பெண். மரியாதையான பெண். "நீங்க சொல்றது எதுவும் உங்க பேரோட வராது, மிஸ்டர் பாரி. மெதுவா யோசிச்சு, பாத்தத மட்டும் சொல்லுங்க."

டெக்வின் பார்த்ததை மட்டும்தான் சொன்னான். மொர்வெனா அந்தப் பெண்ணைப் பார்த்து எப்படிக் கத்தினாள் என்று சொன்னான். அது உண்மை. பிறகு, கமிட்டிக்குப் போகாமலேயே ஒரு நாடகத் தயாரிப்பாளருக்கு மேஜையிலேயே ஒரு சீசன் முழுவதையும் தூக்கிக் கொடுத்தாள் என்று சொன்னான். அதுவும் உண்மை. அதற்கடுத்த வாக்கியத்தில் அவள் தனக்குக் கொடுத்ததை மட்டும் விட்டுவிட்டான். அந்தப் பெண் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

சொல்லும்போது அவனுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மொர்வெனா போனால் நாடகம் நிற்கும். நாடகம் நின்றால் நனுவுக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீட்டுக்கு வருவாள். ரிடியனைக் கெடுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வான். கொஞ்சம் நினைத்தான்.

வெளியே வந்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. பொட்டலமாக வறுத்த மீன் வாங்கிக் கடலோரத்தில் நடந்துகொண்டே தின்றான். பல மாதங்களாக எதுவும் அவ்வளவு ருசித்ததில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் அறிக்கை வந்தது. மொர்வெனா அன்றைக்கே போனாள். ஊரே அறிக்கையைப் படித்தது. அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: 'வடபகுதியைச் சேர்ந்த தயாரிப்பாளர் ஒருவர் கூறியதாவது: மேய்ச்சல் நாய்ப் போட்டிக்குப் பிறகு நடந்த விருந்தில், இளம் ஊழியர் மேஜையை விட்டுச் சென்ற பின், தலைமை நிர்வாகி அடுத்த நாடகத் தொடரை வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்.'

பேர் இல்லைதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஒரு விருந்தையும், ஒரு நாய்ப் போட்டியையும், எழுந்து போன பெண்ணையும் எழுதிவிட்டு, பேரை மட்டும் மறைத்து எங்கள் ஊரில் என்ன பிரயோஜனம்? கார்டிஃபில் அது மறைவு. இங்கே அது முகவரி. டெக்வினுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பொறாமைக்குக் காது உண்டு, வாய் உண்டு, முன்யோசனை மட்டும் கிடையாது.

காபிக் கடையில் எல்வின் அறிக்கையை மேஜை மேல் வைத்தான். "மூணு பேரு இருந்தீங்க. மொர்வெனா தன்னைப் பத்தித் தானே சொல்லமாட்டா. ரிடியன் தன்னைப் பத்தித் தானே சொல்லமாட்டான். மிச்சம் இருக்கறது மேஜைதான்." அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மேஜை சொல்லிச்சா டெக்?"

டெக்வின் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

தற்காலிகமாக வந்த நிர்வாகி கணக்குத் துறை ஆள். வந்ததும் முதல் காரியமாக, கையெழுத்து இல்லாத எந்த வாக்கும் செல்லாது என்று அறிவித்தார். ஊழலுக்கு இடமே இருக்கக் கூடாதாம். ரிடியனின் நாடகம் நின்றது. படகு வாடகைக்குப் பேசியாகிவிட்டது, தையல்காரர்கள் பாதி உடுப்பைத் தைத்து முடித்திருந்தார்கள். அடுத்த நாள் டெக்வினுக்கு சேனலிலிருந்து போன் வந்தது. விவசாய நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, நல்ல மனுஷன், தயங்கித் தயங்கிப் பேசினார்.

"டெக்வின், 'வேலிக்கு அப்பால்' ஒப்பந்தம் உங்ககிட்ட இருக்கா?"

"வரும்னு மொர்வெனா சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

"செப்டம்பர்ல. பாலாவுல."

"பாலாவுலயா," என்றார் அதிகாரி. அதற்கு மேல் அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'வேலிக்கு அப்பால்' நின்றது, அதோடு டெக்வினின் கம்பெனியும்.

எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. டெக்வின் திரையை விலக்கி, புகைபோக்கிகளுக்கு நடுவே பார்த்தான். வெயில் இல்லை. கண்ணாடி சாம்பல் நிறமாக இருந்தது.

இதில் வேடிக்கை, வாரியத் தலைவரும் இரண்டு வாரத்தில் பதவி இழந்தார். இரண்டு யானைகளும் போய்விட்டன. புல் மட்டும் மிதிபட்டுக் கிடந்தது.

நனு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சமையலறையில் உட்காரவில்லை, அடுப்போரம் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, அந்த மேஜையில யாரு யாரு இருந்தீங்க?"

"தெரிஞ்சுகிட்டே ஏன் கேக்கற?"

"நீ சொல்லிக் கேக்கணும்."

"நான் பொய் சொல்லல, நனு. அவ கத்தினா. அந்தப் பொண்ணு அழுதுச்சு. யாராவது சொல்லணும் இல்லையா?"

"சொல்லணும். அதுக்கு உன்னைத் தப்பு சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணுக்காகப் போயிருந்தா நானே உன்னைக் கட்டிப் புடிச்சிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "உன் ஆட்டு நிகழ்ச்சிக்கு வாக்கு எப்படி வந்துச்சுன்னு சொன்னியா? அதே மேஜைதானே. அதே வாய்தானே."

டெலித் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ திரும்பி வருவேன்னு நெனச்சேன்," என்றான் டெக்வின். சொன்ன பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது.

"எங்க? மீன் கடை மாடிக்கா? அதையும்தான் மூடிட்டியே." கோட்டை எடுத்துக்கொண்டாள். "படகுக் காட்சிய கரையிலிருந்துதான் எடுக்கறதா இருந்தேன். நீ சொன்னேன்னுதான். ரிடியன் சொன்னாருன்னு இல்ல. அவரு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், சின்ன வயசுல உன்கூட நின்னு பாத்ததுதான் அது."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். சத்தமாகச் சாத்தியிருந்தால் தேவலை.

ரிடியன் கம்பெனியை மூடுகிறான் என்று தெரிந்ததும் ஊர் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். உலர்திராட்சை போட்ட ரொட்டி, ஆப்பிள் பணியாரம், ஈரத்துணி போர்த்திய சாண்ட்விச் தட்டு. கம்பெனி மூடினால் அப்படிப் போகும் வழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் போனார்கள். தச்சன் போனான், தையல்காரிகள் போனார்கள், ஒரே ஒரு காட்சியில் பிணமாக நடித்தவர்கூடப் போனார். டெலித் காலையிலேயே ரொட்டி சுட ஆரம்பித்தாள்.

"நீயுமா?" என்றான் டெக்வின்.

"நம்ம பொண்ணுக்கு நாலு வருஷம் தொழில் சொல்லிக் குடுத்திருக்கான். நான் போகாம இருப்பேனா? வரதா இருந்தா வா, இல்லாட்டி வழிய விடு."

வந்தான். காரை ரிடியன் வீட்டுத் தெருமுனையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். டெலித் தட்டோடு இறங்கிப் போனாள். வாசலில் செருப்பும் பூட்ஸும் குவிந்து கிடந்தன. உள்ளே யாரோ பாட ஆரம்பிக்க, நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. எங்கள் ஆட்களுக்குத் துக்கம் வந்தால் முதலில் தேநீர், பிறகு பாட்டு.

டெக்வினுக்கு அப்போது வந்த எண்ணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. என் கம்பெனியும்தான் மூடிவிட்டது. எனக்கு யார் ஒரு பிஸ்கட் கொண்டு வந்தார்கள்? இரண்டு வீட்டிலும் சாவு, ரொட்டி மட்டும் ஒரு வீட்டுக்கு. இதற்குக் காரணம் யார் என்று அவனுக்குத் தெரியாமலா? தெரிந்தும் எரிந்தது. நொடித்துப்போன ஒருவனைப் பார்த்துக் காருக்குள் உட்கார்ந்து பொறாமைப்பட்ட மனுஷன் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

ஜன்னல் வழியாக முன்னறை தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவே நனு நின்றுகொண்டிருந்தாள். பாட்டு முடியும் தறுவாயில் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ரிடியன் தோளை நீட்டினான். அவள் அதில் சாய்ந்து அழுதாள்.

டெக்வின் கதவைத் திறந்து இறங்கினான். உள்ளே போவதற்குத்தான் இறங்கினான். வேலி வரைக்கும் வந்ததும் கால் நின்றுவிட்டது.

ரிடியன் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். ஒரு வாரத்தில் அவன் கன்னம் ஒட்டியிருந்தது. இருவரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"உள்ள வா டெக். தேநீர் ஆறிடும்."

"நான்தான் சொன்னேன், ரிடியன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூப்பிடற?"

ரிடியன் கொஞ்ச நேரம் வேலியின் பெயிண்டைச் சுரண்டினான். "உன்மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். ராத்திரியெல்லாம் உன்னைத் திட்டிகிட்டேதான் படுத்திருக்கேன். ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு அழுதுகிட்டே எந்திரிச்சுப் போச்சே, நான் பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு சீசன் வேணும், அதனால வாயத் தொறக்கல. நீயாவது எதுக்கோ தொறந்த."

இதையும் அவனே முதலில் சொல்லிவிட்டான். டெக்வின் சொல்லியிருக்க வேண்டியது, சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மனுஷனாக நின்றிருக்கக் கூடியது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். இதை வாங்கிக்கொள்ள அவனிடம் இடமில்லை.

"அவசரமா ஒரு வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தான். அவசரமும் இல்லை, வேலையும் இல்லை. ஊருக்கே தெரியும்.

நனு அயர்லாந்துக்குப் போகிறாள் என்ற செய்தியை டெலித்தான் சொன்னாள். டப்ளினில் ஒரு கம்பெனி. வேலைக்குச் சொல்லி வைத்தவன் ரிடியன். வெள்ளிக்கிழமைக் கப்பல். டெக்வின் மகளுக்குப் போன் செய்தான். என்ன பேசுவது என்று பேப்பரில்கூட எழுதி வைத்திருந்தான், அதில் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"ஹோலிஹெட் துறைமுகத்துக்கு நான் கொண்டுபோய் விடறேன்."

"ரிடியன் கூட்டிட்டுப் போறேன்னாருப்பா. சரின்னுட்டேன்."

"நான் உன் அப்பா."

"தெரியும். அவரு முந்தாநேத்தே கேட்டாரு. நீ இப்பதான் கேக்கற."

"வேணாம்னு சொல்லிடேன் அவன்கிட்ட."

"எல்லாமே போயிடுச்சுப்பா அவருக்கு. இதையும் வேணாம்னு எப்படிச் சொல்வேன்?" அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. "போய்ச் சேந்ததும் கூப்பிடறேன். அம்மாகிட்ட சொல்லு."

வெள்ளிக்கிழமை காலையில் டெக்வின் டெலித்திடம் டீசல் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தான். கடல் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தீவைக் குறுக்காகக் கடந்து, நேராகத் துறைமுகத்துக்கு ஓட்டினான். கண்டெய்னர் லாரி ஒன்றின் மறைவில் நிறுத்தினான். காற்றும் மழையும். வைப்பரைப் போட்டால் பார்த்துவிடுவார்களோ என்று போடவில்லை. கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிந்தது, முன்னால் நடப்பது கலங்கித்தான் தெரிந்தது.

ரிடியனின் கார் வந்து நின்றது. நனு இறங்கினாள். சிவப்புக் கோட்டு, கழுத்தில் டெலித் பின்னிய மப்ளர். ஒரு முறை சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரையோ தேடுவது போல இருந்தது, அல்லது மழைக்கு ஒதுங்க இடம் தேடினாளோ என்னவோ. டெக்வின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

அதற்குள் ரிடியன் பின்கதவைத் திறந்து அவளுடைய பெட்டியை வெளியே எடுத்தான். கனமான பெட்டி. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு மழையில் அவள் பக்கத்தில் நடந்து போனான்.

அந்த வேலையும் அவனுக்கே போய்விட்டதே என்று டெக்வினுக்கு வயிறு எரிந்தது. கதவைத் திறக்கவில்லை. கப்பல் கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.